நடுச்சாமத்தில் அலறும் கராஜ் கதவு: சத்தத்தைக் கண்டுபிடித்து அடக்கும் முழுமையான வழிகாட்டி

ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ், பிரம்டன் என்று றொறன்ரோவைச் சுற்றி நம்மவர்கள் வீடு வாங்கிய இடங்களில் ஒரு பொதுவான அமைப்பு உண்டு. கராஜுக்கு நேர் மேலே ஒரு படுக்கையறை இருக்கும். அந்த அறை அனேகமாக வீட்டிலேயே நித்திரை குறைந்த ஆளுக்குத்தான் போய்ச்சேரும். எங்கள் வீட்டில் அது அம்மாவின் அறை. நான் இரவு வேலை முடிந்து இரண்டு மணிக்கு வந்து ரிமோட்டை அமுக்கினால், கதவு கீச்சிட்டு, தடதடத்து, கடைசியில் டும் என்று ஒரு அடி அடித்து நிற்கும். "நீ வந்தது எனக்கு மட்டுமில்லையடா, முழுத் தெருவுக்கும் தெரியும்" என்பார் அம்மா.

நான் செய்த முதல் வேலையே பிழை. சத்தம் மோட்டரில் இருந்துதான் வருகிறது என்று முடிவுகட்டி, சங்கிலி மோட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, பெல்ட்டில் ஓடும் புது ஓப்பனர் (கதவைத் திறந்து மூடும் மோட்டர்ப் பெட்டி) வாங்கிப் பூட்டினேன். ஒரு முழுச் சனிக்கிழமை போனது. சத்தம் கால்வாசிதான் குறைந்தது. மீதி முழுக்கக் கதவிலேயே இருந்திருக்கிறது. பிறகு, கதவின் ஓரங்களில் தண்டவாளத்துக்குள் உருளும் சில்லுகளான ரோலர்களில் எட்டை மாற்றி, ஒரு டின் ஸ்பிறேயும் அடித்தபோதுதான் வீடு அமைதியானது. அந்த எட்டு ரோலருக்கும் போன காசு, புது ஓப்பனரின் விலைக்குப் பக்கத்திலும் வராது. அதனால் இந்த வழிகாட்டியில் எண்ணெய் டின்னைக் கையில் எடுப்பதற்கு முன் செய்யவேண்டியதைத்தான் முதலில் சொல்லப்போகிறேன்.

முதல் படி: கத்துவது யார்?

கதவை முழுதாக மூடுங்கள். மோட்டரின் பிளக்கைக் கழற்றுங்கள். ஓப்பனரின் நீளத் தண்டில் இருந்து தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்தால், கதவு மோட்டரில் இருந்து விடுபடும். இதைக் கதவு மூடியிருக்கும்போது மட்டுமே செய்யுங்கள். திறந்திருக்கும் நேரத்தில் இழுத்து, ஸ்பிரிங்கும் பழுதாக இருந்தால், கதவு அப்படியே தலையில் விழும்.

இப்போது கதவைக் கையால் மெல்ல உயர்த்தி இறக்குங்கள். இரண்டு மூன்று தடவை செய்து, ஒவ்வொரு இடமாகக் காதைக் கொடுங்கள். கையால் தூக்கும்போதும் அதே சத்தம் வந்தால் குற்றவாளி கதவு. கதவு சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் குற்றவாளி மோட்டரோ, சங்கிலியோ, அதைக் கூரையில் தொங்கவிட்டிருக்கும் இரும்புச் சட்டமோதான்.

சத்தத்தின் தன்மையும் நிறையச் சொல்லும். கீச் கீச் என்றால் கதவின் தகடுகளை இணைக்கும் பிணைச்சல் காய்ந்துவிட்டது, அல்லது ஓரத்து இறப்பர் பட்டி கதவோடு உரசுகிறது. கறகற என்று அரைத்தால் ரோலரின் சில்லுக்குள் சுற்றும் சிறு இரும்புக் குண்டுகள் தேய்ந்துவிட்டன. தடதட என்றால் எங்கோ திருகாணி தளர்ந்திருக்கிறது. கதவுக்கு மேலே இருந்து, பழைய கட்டில் ஸ்பிரிங் நெளிவது போல ஒரு முனகல் வந்தால், அது சுருள் ஸ்பிரிங்கின் வளையங்கள் ஒன்றோடொன்று உரசுவது. சளார் சளார் என்று அடித்தால் சங்கிலி தொய்ந்துவிட்டது.

கையோடு இன்னொரு சோதனையும் செய்துவிடுங்கள். கதவை இடுப்பளவுக்கு, அதாவது மூன்று நான்கு அடி உயரத்துக்குத் தூக்கிவிட்டு, கையைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு மெல்ல விட்டுப் பாருங்கள். நல்ல கதவு அங்கேயே நிற்கும், அல்லது ஒரு சிறிதளவு அசையும். விறுவிறென்று கீழே இறங்கினாலோ மேலே ஓடினாலோ ஸ்பிரிங்கின் சமநிலை கெட்டுவிட்டது என்று பொருள். இரட்டைக் கார்க் கதவு 150 இறாத்தலுக்கு மேலேயும் நிறுக்கும். அதைத் தூக்குவது அரைக் குதிரைவலு மோட்டர் என்று பலரும் நினைக்கிறோம். உண்மையில் அந்தப் பாரத்தைச் சுமப்பது ஸ்பிரிங். மோட்டர் தள்ளிக்கொடுக்கிற வேலையை மட்டும்தான் செய்கிறது. ஸ்பிரிங் தளர்ந்தால் முழுப் பாரமும் மோட்டரில் விழும். அதுவும் முனகத் தொடங்கும். சமநிலை கெட்ட கதவுக்கு எவ்வளவு எண்ணெய் விட்டாலும் பயனில்லை. அதற்கு வேலை தெரிந்த ஆளைத்தான் கூப்பிட வேண்டும்.

இரண்டாம் படி: எதை வாங்குவது, எதை வாங்கக்கூடாது

கனேடியன் டயர், ஹோம் டீப்போ போன்ற கடைகளில் கராஜ் கதவுக்கென்றே ஒரு ஸ்பிறே விற்கிறார்கள். அது போதும். இல்லாவிட்டால் வெள்ளை லித்தியம் கிறீஸ் ஸ்பிறே, சிலிக்கன் ஸ்பிறே இரண்டிலும் ஒவ்வொரு டின். லித்தியம் இரும்போடு இரும்பு உரசும் இடங்களுக்கு, சிலிக்கன் இறப்பருக்கு. முனையில் மெல்லிய குழாய் உள்ள டின்னாகப் பார்த்து எடுங்கள். அந்தக் குழாய் இல்லாவிட்டால் பாதி கதவில் வழியும், மீதி உங்கள் சட்டையில்.

எல்லார் வீட்டிலும் ஒரு நீல டின் டபிள்யூடி-40 இருக்கும். கை தானாக அதற்குத்தான் போகும். அதன் பெயரிலேயே அதன் வேலை இருக்கிறது: 'வோட்டர் டிஸ்பிளேஸ்மென்ட்', அதாவது நீரை வெளியேற்றும் திரவம், நாற்பதாவது முயற்சியில் கைகூடியது. 1953இல் சான் டியேகோவில் துருவைத் தடுக்கவென்று உருவாக்கினார்கள். துருப்பிடித்த திருகாணியை இளக்க அதைவிடச் சிறந்தது குறைவு. ஆனால் கதவுக்கு அடித்தால் முதல் வாரம் அற்புதமாக இருக்கும், அடுத்த வாரம் சத்தம் திரும்பி வந்துவிடும். மெல்லிய திரவம் என்பதால் விரைவில் போய்விடுகிறது. போகும்போது உள்ளே இருந்த பழைய கிறீஸையும் கரைத்துக்கொண்டு போகிறது. நானும் இரண்டு தடவை ஏமாந்த பிறகுதான் நிறுத்தினேன். அழுக்கைக் கரைக்க வேண்டுமென்றால் தாராளமாகப் பாவியுங்கள், துடைத்துவிட்டு அதன்மேல் கிறீஸ் போடுங்கள். அதே நிறுவனம் லித்தியம் கிறீஸ் ஸ்பிறேயும் விற்கிறது, அது வேறு டின்.

கார் எஞ்சின் ஒயில், சமையல் எண்ணெய், வாளியில் வரும் தடித்த கிறீஸ் எதுவும் வேண்டாம். நமது ஊர்க் குளிரில், வெளியே மைனஸ் 20 அடிக்கும்போது தடித்த கிறீஸ் மெழுகாக இறுகிவிடும்.

மற்றபடி ஏணி ஒன்று, பழைய பனியன் துணி, 7/16 அங்குலச் சொக்கெட், ஒரு ஸ்பானர் செட், பாதுகாப்புக் கண்ணாடி. அவ்வளவுதான்.

மூன்றாம் படி: துடைப்பது

இரண்டு பக்கத் தண்டவாளங்களின் உட்பக்கத்தையும் ஈரத்துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் துடையுங்கள். குளிர்காலத்தில் கார் கொண்டுவரும் உப்பும் மண்ணும் கீழ்ப்பகுதியில் படிந்திருக்கும். பழைய கிறீஸ் கறுத்துக் கட்டியாகி இருந்தால் அதையும் சுரண்டி எடுங்கள்.

தண்டவாளத்துக்குள் எண்ணெய் போடாதீர்கள். இதில்தான் அனேகமானோர் தவறுகிறார்கள். ரோலர் அந்தத் தண்டவாளத்தில் உருள வேண்டும். எண்ணெய் இருந்தால் உருளாமல் வழுக்கும். போதாக்குறைக்குத் தூசு வந்து அதில் ஒட்டிப் பசையாகிவிடும்.

நான்காம் படி: இறுக்குவது

ஒரு குடும்பம் கராஜ் கதவைத்தான் முன்வாசலாகப் பாவிக்கிறது என்றால் நாளுக்கு நான்கு தடவையாவது அது திறந்து மூடும். ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 1,460 தடவை. ஒவ்வொரு தடவையும் முழுக் கதவும் அதிரும். திருகாணிகள் தளராமல் இருந்தால்தான் அதிசயம்.

கதவின் தகடுகளை இணைக்கும் பிணைச்சல்கள், தண்டவாளத்தைச் சுவரோடு பிடிக்கும் கொடுக்குகள், ஓப்பனரைக் கூரையில் தொங்கவிடும் இரும்புச் சட்டங்கள், கதவின் மேல்நுனியை ஓப்பனரோடு இணைக்கும் வளைந்த கை என்று எல்லாவற்றையும் வரிசையாகப் போய்ப் பாருங்கள். பிணைச்சல் திருகாணிகள் அனேகமாக 7/16 அளவில் இருக்கும். கைக்குப் பிடிப்பு வரும்வரை மட்டும் இறுக்குங்கள். கதவுத் தகடு மெல்லியது, பலத்தைக் காட்டினால் ஓட்டை பெரிதாகி, பிறகு திருகாணி ஒருநாளும் நிற்காது.

இரண்டு இடங்களில் மட்டும் ஸ்பானரை வைக்கக்கூடாது. ஒன்று, கதவுக்கு மேலே ஸ்பிரிங்கைச் சுவரோடு பிடிக்கும் தகடும் அதன் ஆணிகளும். மற்றது, கதவின் இரண்டு கீழ்மூலைகளிலும் கேபிள் வந்து கொளுவும் தகடு. இவை இரண்டிலும் ஸ்பிரிங்கின் முழு இழுவிசையும் தங்கியிருக்கிறது. கதவு மூடியிருக்கும்போதுதான் அந்த இழுவிசை உச்சத்தில் இருக்கும். அசையாமல் சாதுவாகத் தெரிகிறதே என்று தளர்த்திக் கையையும் முகத்தையும் உடைத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். சில கதவுகளில் இந்த ஆணிகளுக்குச் சிவப்பு நிறம் அடித்திருப்பார்கள். சிவப்பு இல்லாவிட்டாலும் தொடாதீர்கள்.

ஐந்தாம் படி: ரோலர்கள்

சத்தத்தின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. நான்கு தகடுகள் உள்ள வழமையான ஏழு அடிக் கதவில் பக்கத்துக்கு ஐந்தாகப் பத்து ரோலர்கள் இருக்கும். வீடு கட்டிக்கொடுப்பவர்கள் அனேகமாக மிக மலிவான வகையைத்தான் போடுவார்கள்: குண்டுகளே இல்லாத பிளாஸ்டிக் சில்லு, அல்லது வெறும் இரும்புச் சில்லு. இரும்பில் இரும்பு ஓடினால் என்ன சத்தம் வரும் என்று சொல்லத் தேவையில்லை.

முதலில் ஒவ்வொன்றையும் விரலால் ஆட்டிப் பாருங்கள். சில்லு தன் அச்சில் தளம்பினால், ஓரம் உடைந்திருந்தால், சுற்றாமல் இழுபட்டுக்கொண்டு போனால், அதற்கு எண்ணெய் வீண். மாற்ற வேண்டியதுதான். நல்ல நிலையில் உள்ள இரும்பு ரோலருக்கு, சில்லுக்கும் அச்சுக்கும் இடையில் குண்டுகள் தெரியும் இடத்தில் ஸ்பிறேயின் குழாயை வைத்து ஒரு பொட்டு. பிறகு சில்லைச் சுற்றிவிட்டு, வெளியே வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். நைலோன் ரோலரில் குண்டுகள் மூடியிருந்தால் சில்லில் எதையும் அடிக்க வேண்டாம். அச்சுத்தண்டு பிணைச்சலுக்குள் நுழையும் இடத்தில் மட்டும் கொஞ்சம்.

மாற்றுவதென்றால் இரண்டு அங்குலச் சில்லும், நான்கு அங்குலத் தண்டும் கொண்ட, மூடிய குண்டுகள் உள்ள நைலோன் ரோலர்களை வாங்குங்கள். அனேக வீட்டுக் கதவுகளுக்கு இதுதான் பொருந்தும். ஆனாலும் ஒரு பழைய ரோலரை அளந்து பார்த்துவிட்டே கடைக்குப் போங்கள்.

மாற்றும் முறை இது. கதவு மூடியிருக்க வேண்டும், பிளக் கழற்றியிருக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு பிணைச்சல் மட்டும். அதன் திருகாணிகளைக் கழற்றி, பிணைச்சலைச் சற்று வெளியே இழுத்துச் சரித்தால், ரோலர் தண்டவாளத்தில் இருந்து நழுவி வரும். புதியதைப் பிணைச்சலின் குழாய்க்குள் செருகி, சில்லைத் தண்டவாளத்தில் நுழைத்து, திருகாணிகளைத் திரும்பப் பூட்டுங்கள். அது முடிந்த பிறகுதான் அடுத்தது. ஆர்வக்கோளாறில் இரண்டு மூன்றை ஒன்றாகக் கழற்றினால் கதவு தண்டவாளத்தை விட்டே விலகிவிடும்.

பிணைச்சல்களில் 1, 2, 3 என்று இலக்கம் பொறித்திருப்பதைக் கவனிக்கலாம். மேலே போகப்போகத் தண்டவாளம் கதவில் இருந்து சற்று விலகும். அதற்கேற்ப ஓரத்துப் பிணைச்சல்களின் அளவும் கூடிக்கொண்டு போகும். உடைந்த பிணைச்சலை மாற்றுவதென்றால் அதே இலக்கத்தை வாங்குங்கள். 2 இருந்த இடத்தில் 1ஐப் போட்டால் கதவு இறுகி, புதுச் சத்தம் ஒன்று தொடங்கும்.

மேல்மூலை ரோலர்களின் தகடு முன்பின் நகரக்கூடியது. தளர்த்துவதற்கு முன் அது இருந்த இடத்தைப் பென்சிலால் கோடு போட்டுவிடுங்கள். கீழ்மூலை இரண்டையும், மேலே சொன்ன காரணத்தால், விட்டுவிடுங்கள். பத்தில் எட்டை மாற்றியே எங்கள் வீட்டில் சத்தம் அடங்கிவிட்டது.

ஆறாம் படி: எண்ணெய் விடுவது

பிணைச்சல்கள் மடியும் இடத்தில் ஒவ்வொரு சிறு அடி. ஸ்பிரிங் கோத்திருக்கும் இரும்புத் தண்டின் இரண்டு நுனியிலும் அது சுழலும் பேரிங்குகளிலும், இடையில் ஒன்று இருந்தால் அதிலும் அப்படியே. கதவில் கைப்பூட்டு இருந்தால் அதன் தாழ்ப்பாளுக்கும் கொஞ்சம்.

சுருள் ஸ்பிரிங்குக்கு ஏணியில் நின்று, தூர இருந்து, முழு நீளத்துக்கும் மெல்லிய படலமாக அடியுங்கள். கையால் தொடாதீர்கள். வளையங்களுக்கு இடையில் உரசல் குறைந்து அந்த முனகல் நின்றுவிடும், துருவும் பிடிக்காது. சாதாரண ஸ்பிரிங் 10,000 சுற்றுகளுக்கென்று செய்யப்படுகிறது. ஒருமுறை திறந்து மூடினால் ஒரு சுற்று. நாளுக்கு நான்கு என்றால் ஏழு ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. அது உடையும்போது துவக்கு வெடித்தது போலச் சத்தம் கேட்கும். எண்ணெய் அடிக்கும்போது சுருளின் நடுவில் ஓரிரு அங்குல இடைவெளி தெரிந்தால் ஸ்பிரிங் ஏற்கனவே உடைந்துவிட்டது. மோட்டரை இயக்காமல் அப்படியே விட்டுவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

கதவின் ஓரங்களில் வரும் இறப்பர் பட்டிக்குத் துணியில் சிலிக்கன் அடித்துத் தடவுங்கள். தரையில் அமரும் கீழ்ப் பட்டிக்கும் அப்படியே. பனிக்காலத்தில் அந்தப் பட்டி கொங்கிறீற்றோடு உறைந்து ஒட்டும். காலையில் மோட்டர் பலவந்தமாக இழுக்கும்போது வரும் அந்தப் பயங்கரச் சத்தம், சிலிக்கன் பூசினால் பெரிதும் குறையும்.

ஏழாம் படி: ஓப்பனர்

உங்கள் ஓப்பனர் எந்த வகை என்று நிமிர்ந்து பாருங்கள். பெல்ட் என்றால் அதற்கு எண்ணெய் வேண்டாம், இறப்பர் கெட்டுப்போகும். தண்டு முழுக்கத் திருகாணி போல மறை ஓடியிருந்தால், அதற்குக் குளிரில் இறுகாத கிறீஸ் வேண்டும். எந்தக் கிறீஸ் என்று கையேடு சொல்லும், அதை மீறாதீர்கள். சங்கிலி என்றால் லித்தியம் ஸ்பிறேயை ஒரு துணியில் எடுத்துச் சங்கிலி நெடுக மெல்லத் துடைத்துவிட்டால் போதும். நேரடியாக அடித்தால் காரின் மேல் சொட்டும், இதுவும் அனுபவம்தான்.

சங்கிலி தொய்ந்து தெரிந்தால் உடனே இறுக்க ஓடாதீர்கள். கதவு மூடியிருக்கும்போது கொஞ்சம் தொய்வது பல மாதிரிகளில் இயல்பு. கதவைத் திறந்ததும் தொய்வு சரியாகிவிட்டால் அதை அப்படியே விடலாம். திறந்த பிறகும் தொங்கி, தண்டில் அடிக்கிறது என்றால்தான் சங்கிலியில் உள்ள நீள்சுரையைத் திருகி, கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்க வேண்டும். வீணை நரம்பு போல விறைக்க இறுக்கினால் உள்ளே இருக்கும் பற்சில்லு தேய்ந்துவிடும். அந்தப் பற்சில்லு அனேகமாக நைலோனில் செய்தது. மோட்டர் பெட்டிக்குள் வெள்ளைத் தூள் கொட்டியிருந்து, மோட்டர் ஓடியும் சங்கிலி அசையாவிட்டால், அது தேய்ந்து முடிந்துவிட்டது.

எட்டாம் படி: அதிர்வு மேலறைக்கு ஏறாமல் தடுப்பது

இத்தனைக்குப் பிறகும் கீழே நின்று கேட்டால் சத்தமில்லை, மேலே படுத்தால் மட்டும் ஹூம் என்று ஒரு ரீங்காரம் கேட்கிறது என்றால், மோட்டரின் அதிர்வு இரும்புச் சட்டம் வழியாகக் கூரை மரத்துக்கு ஏறி, மேலறையின் தரையைப் பறை போல ஆக்குகிறது. மோட்டருக்கும் சட்டத்துக்கும் இடையிலோ, சட்டத்துக்கும் மரத்துக்கும் இடையிலோ அதிர்வைத் தாங்கும் இறப்பர் துண்டுகளை வைத்துப் பூட்டலாம். இதற்கென்றே சிறு பொதிகளாக விற்கிறார்கள். மோட்டரைக் கீழிருந்து தாங்க ஒரு ஆள் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். சட்டங்கள் ஆடுகின்றன என்றால் குறுக்கே சாய்வாக ஒரு துண்டு இரும்பைப் பூட்டினாலும் நல்ல வித்தியாசம் தெரியும்.

ஒன்பதாம் படி: வேலையை முடிக்கும் முன் சோதனை

பிளக்கைத் திரும்பக் கொளுவி, ஓப்பனரைக் கதவோடு இணையுங்கள். அனேக மாதிரிகளில் பொத்தானை அமுக்கினால் தானாக வந்து கிளிக் என்று கொளுவிக்கொள்ளும். நான்கைந்து தடவை திறந்து மூடி, எண்ணெய் பரவ விட்டு, வழிந்ததைத் துடையுங்கள். ஸ்பிறேயின் மணம் போகும்வரை கதவு திறந்தே இருக்கட்டும்.

பிறகு, கதவு இறங்கும் வழியின் நடுவில் ஒன்றரை அங்குலத் தடிப்புள்ள மரத்துண்டு ஒன்றைத் தரையில் படுக்க வைத்துக் கதவை மூடுங்கள். மரத்தில் பட்டதும் கதவு திரும்பி மேலே போக வேண்டும். போகாவிட்டால், சரிசெய்யும்வரை அந்த ஓப்பனரைப் பாவிக்காதீர்கள். அடுத்ததாக, கதவு இறங்கும்போது, வழியில் ஏதும் நின்றால் கண்டுபிடிக்கக் கீழே இரண்டு பக்கமும் பூட்டியிருக்கும் மின்கண்களுக்கு இடையில் ஒரு தும்புத்தடியை நீட்டிப் பாருங்கள், அப்போதும் திரும்ப வேண்டும். இந்தக் கண்கள் தரையில் இருந்து ஆறு அங்குலத்துக்கு மேல் இருக்கக்கூடாது. துடைக்கும்போது கால் பட்டு அவை திரும்பியிருக்கலாம், அப்படியென்றால் கதவு இறங்க மறுத்து விளக்கு மினுக்கும். குழந்தைகள் கதவுக்குள் அகப்பட்டு இறந்த பிறகுதான் அமெரிக்காவில் 1993 முதல் செய்யப்படும் வீட்டு ஓப்பனர்களுக்கு இப்படியான பாதுகாப்பு கட்டாயமானது. உங்கள் வீட்டில் இருப்பது கண்களே இல்லாத பழைய பெட்டி என்றால், அதற்கு எண்ணெய் விட்டு மினக்கெடாமல் மாற்றிவிடுங்கள்.

ஆண்டுக்கு இரண்டு தடவை இந்த வேலையைச் செய்தால் போதும். மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரத்தை மாற்றும் ஞாயிறுகளில் நான் செய்கிறேன். மோட்டர் பெட்டியின் பக்கத்தில் மார்க்கரால் திகதியும் எழுதிவைப்பேன். போன நவம்பரில் எழுதிவிட்டு இறங்கும்போது அம்மா கீழே வந்து, "இப்ப நீ வாறதே தெரியேல்லை, கள்ளன் வந்தாலும் தெரியாது போல" என்றார்.